பங்களாவில் என் அக்கா செத்த கதை

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான் கூட்டிச் சொன்னேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது. நான். என் அக்கா. எங்களை வேனில் கூட்டிப்போன என் வீட்டுக்காரர். கழுத்தில் அட்டையும் சட்டையில் குட்டி மைக்கும் மாட்டிய கைடு தம்பி. சென்னையிலிருந்து காரில் வந்த இரண்டு ஜோடிகள், நாலு பேர். காலேஜ் படிக்கிற பெண்கள் மூன்று பேர். கடைசியில் வந்து சேர்ந்த மேனேஜர். ஆக மொத்தம் பன்னிரண்டு. "நம்ம கண்ணுக்குத் தெரியாம நம்மகூட இன்னொருத்தியும் வர்றா" என்று கைடு தம்பி வாசலிலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் சொன்ன அந்த இன்னொருத்தி, நான் இரண்டாவதாக எழுதியிருக்கும் ஆள்தான். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, கைப்பையில் தண்ணீர் பாட்டிலும் பிரஷர் மாத்திரையும் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

பங்களா கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது. ஈசிஆரை விட்டுக் கடல் பக்கம் இறங்கி, சவுக்குத் தோப்புக்குள்ளே போனால் வரும். கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பார்கள். கட்டிய குடும்பம் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டது. கைமாறிக் கைமாறி இப்போது ஒரு கம்பெனி கையில் இருக்கிறது. அவர்கள் வெளியே வெள்ளையடித்தார்கள், உள்ளே மட்டும் ஒட்டடையை அப்படியே விட்டார்கள். பேய் பங்களாவைச் சுற்றிப் பார்க்க ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் என்று போர்டு வைத்தார்கள். மாமல்லபுரத்து ஹோட்டல்களில் தங்குகிறவர்களை ஏற்றிப்போய் அங்கே இறக்குகிற காண்ட்ராக்ட் என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. வேனுக்கு இன்னும் பத்தொன்பது தவணை கட்டவேண்டும். அதனால் அந்த பங்களாவைப் பற்றி எங்கள் வீட்டில் மரியாதையாகத்தான் பேசுவோம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர்தான் ஆரம்பித்தார்.

"கைடு சொல்ற கதைய இன்னிக்கு நானும் உள்ள நின்னு கேட்டேன். வேலைக்காரப் பொண்ணாம். எஜமானியம்மாவோட ரெண்டு சவரன் வளையல திருடிட்டாளாம். மாட்டிக்கப் போறோம்னு பயந்து கெணத்துல வுழுந்துட்டாளாம். செருப்ப மட்டும் கெணத்தாண்ட வுட்டுட்டு. அந்த செருப்பு இன்னும் கீது, கண்ணாடிப் பொட்டில வச்சிகீறாங்க."

"திருடினாள்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஆமா. உனக்கு இன்னா வந்துச்சு, மூஞ்சி ஒரு மாரி ஆயிடுச்சி?"

"அது எங்க அக்காங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார். "உங்க அக்கா அங்கன்வாடில முட்ட அவிச்சிகினு கீறாங்களேடி."

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவரிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அதுதான். சொல்லக்கூடாது என்று அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அக்கா அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனபோது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. மாதம் நாற்பது ரூபாய் சம்பளம், சாப்பாடு அங்கேயே. சம்பளத்தைக் கையில் தரமாட்டார்கள். உன் கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கிறேன், மொத்தமாக வாங்கிக்கொள் என்று எஜமானியம்மா சொல்லிவிட்டார். மாட்டுக்கொட்டகையில் கோணிமேல் படுக்கை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள்.

எங்கள் காலனி ஆட்களுக்கு அங்கே முன் கேட் கிடையாது. பின் கேட்டில் நுழையவேண்டும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செருப்பை விட்டுவிடவேண்டும், அதற்கப்புறம் வெறுங்கால்தான். பின்கட்டுப் படி வரைக்கும் போகலாம், படியேறக்கூடாது. அழுக்குப் பாத்திரம் படியில் வந்து விழும். துவைக்கிற கல்லிலிருந்து கிணறு பத்தடி தூரம். அந்தக் கயிற்றையும் தொடக்கூடாது. சமையல்கார அம்மா இறைத்து, தூக்கிப் பிடித்து, அக்காவின் அண்டாவில் ஊற்றுவாள். நாங்கள் தொட்டால் கிணறு கெட்டுப்போகுமாம். அக்கா தேய்த்த பாத்திரத்தில் சாப்பிட்டால் மட்டும் ஒன்றும் கெடாது.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது மருந்துக்கு நூற்றைம்பது ரூபாய் முன்பணம் வாங்கினாள் அக்கா. அது தீர்ந்ததும், சேர்த்துவைத்த சம்பளத்தைக் கேட்டாள். அப்போது இருபத்தெட்டு மாதம் ஆகியிருந்தது. "இப்ப என்ன அவசரம்? போய்ச் சாணிய அள்ளு" என்றாராம் எஜமானியம்மா. மறுநாள் விடிந்ததும் அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். செருப்பை எடுக்கத் துவைக்கிற கல்லுக்குப் போகவேண்டும். அங்கே சமையல்கார அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள், பார்த்தால் கத்துவாள். அதனால் முள்வேலியைத் தாண்டி, சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு இறங்கி, மணலில் வெறுங்காலோடு நடந்து வீடு வந்து சேர்ந்தாள். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

செருப்பு இருக்கிறது, ஆள் இல்லை, பத்தடியில் கிணறு. அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மோட்டார் வைத்து இரண்டு நாள் கிணற்றை இறைத்தார்களாம். பிணம் கிடைக்கவில்லை. பிணம் கிடைக்காவிட்டால் ஆள் உயிரோடு இருக்கலாம் என்று ஒரு மனுஷருக்குத் தோன்ற வேண்டாமா. பேய் என்றார்கள். பரிகாரம் செய்து கிணற்றை மூடினார்கள். எங்கள் காலனி ஓடையைத் தாண்டிப் பத்து நிமிஷ நடை. யாராவது ஒருவர் வந்து, உங்கள் பெண் வீட்டுக்கு வந்தாளா என்று கேட்டிருந்தால், வாசலில் உட்கார்ந்து எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்த அக்காவே பதில் சொல்லியிருப்பாள். எங்கள் தெருவில் அவர்கள் கால் வைக்க மாட்டார்கள். ஒரு ஆளை அனுப்பக்கூட மனம் வரவில்லை. மீன் விற்கிற அம்மா சொல்லித்தான் எங்களுக்கே இதெல்லாம் தெரியும்.

நாங்களும் போய்ச் சொல்லவில்லை, அதையும் எழுதவேண்டும். "செத்துட்டான்னு நெனச்சா நெனச்சிக்கட்டும். வாங்கின நூத்தம்பத திருப்பிக் கேக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. அவர்கள் எங்களுக்குத் தரவேண்டியது அதைவிட எத்தனையோ மடங்கு. அது அம்மாவின் தலையில் ஏறவில்லை. வாங்கிய நூற்றைம்பதுக்குப் பயந்தாள். அந்தப் பயம்தான் எனக்கும் வந்திருக்கிறது. கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன், கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருவேன். அக்கா உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏழாவதோடு என்னை நிறுத்தினார்கள். சம்பளப் பணம் வந்திருந்தால் நான் எட்டாவது போயிருப்பேனா என்று தெரியாது. செத்தவள் எப்படிப் போய்ச் சம்பளம் கேட்பாள்.

வீட்டுக்காரர் சொன்னதை மறுநாள் அங்கன்வாடிக்கே போய் அக்காவிடம் சொன்னேன். பேய் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதான் எனுக்கு கால் தரையில படாத மாரியே கீதா" என்றாள். வளையல் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னா வளையல்?"

"ரெண்டு சவரன். நீ எடுத்துட்டியாம்."

"அந்த வூட்ல வளையலே காணாம போகலடி."

இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் ரூம் சாவி அக்காவின் இடுப்பில்தான் இருக்கிறது. அரிசி, பருப்பு, முட்டை. ஒரு முட்டை உடைந்தால் ஓட்டைக்கூட எடுத்துவைத்து டீச்சரிடம் காட்டுகிறவள். கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "பேய்னு சொல்லட்டும், போவுது. திருடின்னு சொன்னத அவங்க வாயால வாபஸ் வாங்கணும். போலாம் வா."

அப்படித்தான் போனோம். வேன் ஓட்டுகிறவர் குடும்பம் என்று பாதி விலைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். நாலு மணிக் காட்சி. வழியெல்லாம் வீட்டுக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அண்ணி, பாத்துட்டு வந்துடலாம். அங்க எதுவும் பேஜார் பண்ணிடாதீங்க, காண்ட்ராக்டு பூடும்" என்றார்.

"நான் செத்தவ மாப்ள. செத்தவ இன்னா பேசப் போறேன்" என்றாள் அக்கா.

முன் கேட்டுக்குப் போனதும் அக்காவின் கால் நின்றுவிட்டது. பின்பக்கம் போகிற மண்பாதை இன்னும் இருக்கிறதா என்று தேடினாள். அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். "செருப்பு கழட்ட வேணாம், அப்படியே வாங்க" என்றார் கைடு தம்பி. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு அடியாக அழுத்தி வைத்து, செருப்புக் காலோடு முன் கூடத்துக்குள் நடந்தாள். சிவப்புத் தரை, கறுத்துப்போன தேக்குத் தூண்கள், பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி வைத்த ஜன்னல்கள். "இவ்ளோ பெரிசாடி உள்ள" என்றாள். இருபத்தெட்டு மாதம் உழைத்த வீட்டின் உள்பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

கைடு தம்பி எங்களை மாடிக்குக் கூட்டிப்போனார். ஒரு அறைக்குள் விட்டு, ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். வெளியே நல்ல வெயில். உள்ளே ஒரு கட்டில், நிலைக்கண்ணாடி, சீப்பு, ரிப்பன்.

"இதுதான் அவ ரூம். இந்தக் கண்ணாடி முன்னாடி உக்காந்துதான் திருடின வளையலைப் போட்டுப் பாத்தா. சத்தம் போடாம கேளுங்க. அவ கொலுசுச் சத்தம் வரும்."

கட்டிலுக்கு அடியிலிருந்து கொலுசுச் சத்தம் வந்தது. ஸ்பீக்கரின் நீல விளக்கு மினுக்கியது எனக்கே தெரிந்தது. காலேஜ் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

"எனுக்கு ஏது தம்பி கொலுசு" என்றாள் அக்கா.

"ஆன்ட்டி, ப்ளீஸ். அவளுக்குச் சத்தம் பிடிக்காது."

"புடிக்கும் தம்பி. நல்லாவே புடிக்கும்."

ஒரு ஜோடியில் இருந்த ஆள் சிரித்தார். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி அக்காவைப் பார்த்தார். எனக்கு வேறு எரிச்சல். படியில் கால் வைக்கக்கூடாதவளுக்கு மாடியில் ரூம் கொடுத்திருக்கிறார்கள். கட்டில் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி, ரிப்பன் எல்லாம். உயிரோடு இருந்தபோது இதில் ஒன்றாவது கொடுத்தார்களா. இந்தத் தம்பி நல்ல பிள்ளைதான், எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறார் என்று எனக்கும் தெரிகிறது. தெரிந்தும் அவர் கழுத்து அட்டையைப் பிடித்து இழுக்கவேண்டும்போல் இருந்தது. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

பிறகு கிணற்றடி. மேலே இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். துவைக்கிற கல்லைக் காணோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடிச் செருப்பு, தோல் செருப்பு, பூ வேலை செய்தது.

"அன்னிக்கு ராத்திரி" என்று ஆரம்பித்தார் கைடு தம்பி, "வளையலை இடுப்புல செருகிக்கிட்டு இங்க ஓடி வந்தா. பின்னாடி லாந்தர் வெளிச்சம். இனிமே தப்பிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் செருப்பைக் கழட்டி வெச்சா."

"அது என் செருப்பு இல்ல தம்பி" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்து ரப்பர் செருப்பு. நீல வாரு. எடது கால்ல வாரு பிஞ்சி ஊக்கு குத்தி வச்சிருந்தேன். அப்பால, நான் போனது ராத்திரி இல்ல, காலைல. இந்தக் கெணத்துக் கவுத்த கூட என்னைத் தொட வுட மாட்டாங்க, நான் எங்க போய் இதுல வுழுவேன். சம்பளம் கேட்டேன், குடுக்கல, வூட்டுக்குப் பூட்டேன். அவ்ளோதான். நீ சொல்ற பொண்ணு நான்தான். வளையல் கிளையல் ஒண்ணும் நான் எடுக்கல."

கைதட்டினார்கள். காலேஜ் பெண்களில் ஒருத்தி முதலில் தட்டினாள், பிறகு எல்லோரும். ஒரு அம்மா செல்போனைத் தூக்கிப் பிடித்து, "செமயா நடிக்கிறாங்க, ரியலாவே இருக்கு" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க, நான் ஸ்டார்ட்டிங் எடுக்கல" என்றார் அவர் புருஷன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறேன், எல்லாம் அடுப்படியோடு போய்விடும். அந்தக் கைதட்டலில் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அக்கா கையைக் கூப்பவுமில்லை, திட்டவுமில்லை. அந்தத் தோல் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் டீ குடிக்கப் போனதும் மேனேஜர் வந்தார். கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தாராம். சின்ன வயசுக்காரர், முகம் நிறையச் சிரிப்பு.

"சூப்பர்மா. சனி ஞாயிறு வந்து இதையே பண்றீங்களா? ஒரு ஷோவுக்கு ஐந்நூறு தர்றேன்."

"வளையல எடுத்துடுவியா தம்பி?"

"வளையல் இல்லன்னா அவ எதுக்கும்மா கிணத்துல விழணும்? கதை நிக்காதே."

"நான் வுழவே இல்லியே."

அவர் அதற்கும் சிரித்தார். "சரி, அத்த வுடு" என்றாள் அக்கா. "அப்ப என் சம்பளத்தயாவது குடு."

"நாங்க கட்டடத்தைத்தாம்மா வாங்கினோம். பழைய கணக்கெல்லாம் எங்ககிட்ட இல்ல."

"கட்டடத்த மட்டும்தான் வாங்கினீங்கன்னா எங்க அக்காவ எப்படிங்க டிக்கெட் போட்டு விக்கிறீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது.

"என்னண்ணே, உங்க ஆளுங்களா?"

எங்களை விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது தவணையும் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் சொன்னார், "என் அண்ணி சார். உசுரோடதான் கீறாங்க. நீங்களே பாக்கறீங்க."

திரும்பி வரும்போது கோவளம் பஸ் நிறுத்தம் தாண்டியதும் அக்கா சொன்னாள், "மாப்ள, உனுக்கு சவாரி போச்சின்னா என்ன திட்டிக்கோ." அவர் திட்டவில்லை.

வாரத்துக்கு ஏழு சவாரி இருந்தது இரண்டாகியது. ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "கைடு கதைல புதுசா ஒண்ணு சேத்துகீறாங்க" என்றார். சொல்ல விருப்பமில்லாத குரல். "போன மாசம் ஒருநாளு கூட்டத்தோட கூட்டமா ஒரு கெழவி வந்து நின்னாளாம். பச்சப் பொடவ. என் சம்பளத்த குடுன்னு கேட்டுட்டு, அப்டியே கெணத்தாண்ட மறஞ்சி பூட்டாளாம். அத்த சொல்லச் சொல்ல ஜனம் அலறுது."

"வளையல்?"

"வளையல் அப்டியே கீது."

டிக்கெட்டை அறுநூறாக்கிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் ஒரு நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எழுதுவதற்குப் பயம்தான். போலீசுக்குப் போய்விடுவார்களோ, மிச்சமிருக்கும் இரண்டு சவாரியும் போகுமோ, என் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று நூறு யோசனை. ஆனாலும் எழுதினேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தப் பெண் சாகவில்லை. இந்தப் பெண் வளையல் எடுக்கவில்லை. இந்தப் பெண்ணுக்குச் சம்பளம் வரவேண்டியிருக்கிறது. பழைய கணக்கு உங்களிடம் இல்லை என்றீர்கள், எங்களிடம் இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறோம்.

கணக்குப் போடும்போது, முன்பணமாக வாங்கிய நூற்றைம்பதை நான் எழுதாமல் விட்டேன். நாற்பது வருஷம் காத்ததற்கு அதுகூட வேண்டாமா என்று எனக்கு ஆத்திரம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அது எங்க?"

"வேணாங்க்கா. வட்டின்னு வச்சிக்கோ."

"கழி. அத்த கழிக்கலன்னா திருடின்னு அவன் சொல்றது நெசமாயிடும்."

கழித்தேன். கீழே அக்கா கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் அதைத் தானே மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். இன்றைக்குவரை பதில் இல்லை. நகல் என்னிடம் இருக்கிறது, அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். இருபத்தெட்டு மாதம், மாதம் நாற்பது ரூபாய், ஆயிரத்து நூற்று இருபது. அம்மாவின் மருந்துக்கு வாங்கியது நூற்றைம்பது, கழித்தது. பாக்கி தொள்ளாயிரத்து எழுபது ரூபாய்.